பங்காளிகளுக்கு நாலு விதி

தமிழில் 'பங்காளி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பங்கு உடையவன் என்பதுதான் அதற்கு நேரான அர்த்தம். ஆனால், "அவர் என் பங்காளி" என்று யாராவது சொன்னால், "அப்படியா! கேஸ் எந்தக் கோர்ட்டில் நடக்கிறது?" என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. கூட்டாகக் கடை வைத்தவர்களும், கூட்டாக வயல் வாங்கியவர்களும் பிரிவதற்கு நஷ்டம் மட்டுமே காரணம் அல்ல. நல்ல லாபம் வரும்போதுகூடப் பிரிகிறார்கள். "நான் இவ்வளவு செய்தேன்; அவன் என்ன செய்தான்?" என்று மனசுக்குள் போடும் கணக்குத்தான் காரணம்.

கணக்கையே தொழிலாகக் கொண்ட இருவர், இந்த ஒரு கணக்கை மட்டும் போடாமல், ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் கூட்டு நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா, நேயர்களே?

ஒருவர் ஹார்டி. மற்றவர் லிட்டில்வுட். இருவரும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியைச் சேர்ந்தவர்கள். ஹார்டியின் பெயர் நமக்குப் புதிதல்ல. 1913-ம் வருஷம் ஜனவரி மாதம், சென்னைத் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ராமானுஜன் கடிதம் எழுதினாரே, அந்த ஹார்டிதான். கடிதம் கிடைத்ததும் அவர் தனியாக முடிவு கட்டிவிடவில்லை. லிட்டில்வுட்டையும் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். எழுதியவர் ஒரு மேதை என்று இருவரும் சேர்ந்துதான் தீர்மானித்தார்கள்.

இவர்களுடைய கூட்டு 1911-ல் ஆரம்பித்தது. 1947-ல் ஹார்டி காலமாகும் வரை நடந்தது. இரண்டு பேர் பெயரும் போட்டு வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் சுமார் நூறு. நடுவில் முதல் மகாயுத்தம் வந்தது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். 1919-ல் ஹார்டி ஆக்ஸ்போர்டுக்குப் போய், 1931-ல்தான் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். கூட்டு மட்டும் கலையவில்லை. தபால்காரர் தயவில் கடிதத்திலேயே நடந்தது.

இதன் ரகசியம் என்ன? இருவரும் தங்களுக்குள் நாலு விதிகள் வைத்திருந்தார்கள். டென்மார்க் தேசத்துக் கணித நிபுணர் ஹரால்டு போர், 1947-ல் ஒரு சொற்பொழிவில் அவற்றை வெளியிட்டார்.

முதல் விதி: ஒருவர் மற்றவருக்கு எழுதுவது சரியா, தப்பா என்பது முக்கியம் அல்ல.

இரண்டாவது: கடிதம் வந்தால் பதில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏன், படிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

மூன்றாவது: இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது நல்லது.

நான்காவது: ஒரு கட்டுரையில் ஒருவருடைய பங்கு துளிக்கூட இல்லாவிட்டாலும் பாதகமில்லை, இருவர் பெயரும் அதில் இருக்கும்.

"இது என்ன ஐயா கூத்து? கூட்டு முறிவதற்கல்லவா இப்படி விதி எழுதுவார்கள்!" என்கிறீர்களா? சற்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கில் புது வழி கண்டுபிடிப்பது இருட்டறையில் துழாவுகிற மாதிரி. பத்து யோசனை தோன்றினால் ஒன்பது உதவாது. ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் எதிராளிக்குச் சரியான வழி புலப்பட்டுவிடலாம். "தப்பாகச் சொன்னால் சிரிப்பானோ?" என்று வாயை மூடிக்கொண்டால் அந்த யோசனை பிறக்காமலே செத்துப் போகும். அதற்குத்தான் முதல் விதி. அச்சுக்குப் போகும்போது ஓர் எழுத்துக்கூடப் பிசகக்கூடாது. அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் பிசகலாம்!

மூன்றாவது விதியும் அப்படியே. இருவரும் ஒரே தடத்தில் போனால், ஒருவர் விழுந்த பள்ளத்திலேயே மற்றவரும் விழ வேண்டியதுதான். வேலையும் அவரவர் சுபாவப்படி பிரிந்திருந்தது. லிட்டில்வுட் நிரூபணத்தின் எலும்புக்கூட்டை மட்டும் சுருக்கமாக எழுதிக் கொடுப்பார். அதற்குச் சதையும் சட்டையும் போட்டு, அழகான இங்கிலீஷில் எழுதி முடிப்பது ஹார்டியின் வேலை.

மூன்றாவதாக ஒருவருடன் ஹார்டி சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாலு கூழாங்கற்களை எத்தனை விதமாகக் குவியல் போடலாம்? நாலும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனி. ஆக ஐந்து விதம். இருநூறு கற்கள் என்றால்? 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388 விதம்! மக்மஹன் என்ற நிபுணர் கையாலேயே இதைக் கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தபோது, வித்தியாசம் ஆயிரத்தில் நாலு பங்குதான். ஒன்றில்கூட ஆயிரத்தில் நாலு!

அவ்வளவு துல்லியமான சூத்திரம் ஒன்று உண்டு என்று விடாப்பிடியாகச் சொன்னவர் ராமானுஜன். அதை நிரூபிக்கும் சாஸ்திரம் அறிந்தவர் ஹார்டி. பள்ளிப் பாடத்திலிருந்து ராமானுஜனைத் திருத்த ஆரம்பித்திருந்தால் அந்த ஊற்று அடைபட்டிருக்குமோ என்ற பயமும் ஹார்டிக்கு இருந்தது. அந்தப் பயம்தான் காரியத்தைக் காப்பாற்றியது. அன்று பிறந்த முறையை, பிற்பாடு ஹார்டியும் லிட்டில்வுட்டும் வேறு பல பெரிய கணக்குகளுக்குப் பிரயோகித்தார்கள்.

இரண்டாவது, நான்காவது விதிகளைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் பாக்கி வைத்தேன். லிட்டில்வுட் வாழ்க்கையின் பெரும்பகுதி மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டவர். 1957-ல், எழுபது வயதுக்கு மேல்தான், அதற்குச் சிகிச்சை பலித்தது. விதிகள் இதற்காக ஏற்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால், மேஜைமேல் கடிதம் வந்து கிடக்கிறது. பிரிக்கக்கூட மனசு ஓடவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில், "பதில் போடாவிட்டால் பரவாயில்லை. உன் பெயர் கட்டுரையில் இருக்கும்" என்று சொல்லும் சிநேகிதர் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம்!

இன்றைக்கும் கணிதக்காரர்கள் கூட்டாகக் கட்டுரை எழுதினால், பெரும்பாலும் பெயர்களை அகர வரிசையில்தான் போடுகிறார்கள். யார் பெரியவர், யார் எத்தனை வரி எழுதினார் என்ற பேச்சே கிடையாது. கூட்டிக் கழித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாதா என்ன? எங்கே கூட்ட வேண்டும், எங்கே கூட்டிப் பார்க்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. நம் வீட்டுப் பங்காளிகளுக்குத்தான் இந்த நாலு விதியை யாராவது தபாலில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விதிப்படி அதற்கும் இடமுண்டு!