கோவளத்தில் கல்யாண நாள்: அரண்மனைக்குப் போகலாம், கடனுக்குப் போகக் கூடாது!

கோவளம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் இருக்கிறது. இதனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து வீடுகளில் சின்னச் சின்னத் தகராறு வருவது உண்டு.

சொந்தக்காரர் ஒருவர் கல்யாண நாளுக்கு மனைவியோடு போன ஓட்டலில் படம் எடுத்து செல்போனில் அனுப்புவார். பின்னால் கடல், மேலே தொங்கு விளக்கு, கையில் ரோஜாப்பூ. "கோவளம் அரண்மனையில்" என்று கீழே ஒரு வரி. படத்தைப் பார்த்த குடும்பத் தலைவி சும்மா இருப்பாரா?

"ஏங்க, கோவளம்தானே? கேளம்பாக்கம் தாண்டினா வந்துடும். நமக்கும் 25 வருஷம் ஆச்சு. ஒரு நாள் போய்ட்டு வந்தா என்ன?"

அவர் நினைத்தது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். படத்தில் இருப்பதோ திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கோவளம்! அரண்மனை இருப்பது அங்கேதான். திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமி பாய் குடும்பத்தின் ஓய்வு மாளிகையாக 1932-ல் எழும்பியது. ஹால்சியன் கேசில் என்று பெயர். 1964-ல் கேரள அரசு அதை வாங்கியது. இப்போது ஆடம்பர ஓட்டல் ஒன்றின் பகுதியாக இருக்கிறது.

சென்னைக்காரர்களின் கோவளத்தில் அரண்மனை கிடையாது. ஆனால் கோட்டை இருந்தது.

கோட்டை போச்சு, ஓட்டல் வந்தது

ஆற்காடு நவாப் அன்வருதீன் காலத்துக் கோட்டை அது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கப்பலில் வந்தவர்களுக்கு நோய் என்று சொல்லி, சிகிச்சைக்காக ஆட்களைக் கோட்டைக்குள் அனுப்பினார்கள். ராத்திரியானதும் "நோயாளிகள்" எழுந்து கோட்டையைப் பிடித்துக் கொண்டார்கள்! 1752-ல் ராபர்ட் கிளைவ் படையோடு வந்து கோட்டையைப் பறித்தார். பிறகு அது தகர்க்கப்பட்டது.

பழைய கோட்டை இருந்த அந்தக் கடலோரத்தில்தான் 1974-ல் தாஜ் பிஷர்மேன்ஸ் கோவ் ஓட்டல் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்படிப்பட்ட ஓட்டல்கள் வரிசையாக முளைத்தன. கல்யாண நாள் ஜோடிகள் இங்கே வருவது இப்போது புதுமை இல்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். கோவிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணினால் போதாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள்.

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கோவளத்தை அடுத்த திருவிடந்தையில் இருப்பவர் நித்திய கல்யாணப் பெருமாள். வருஷத்தில் எல்லா நாளும் அவருக்குக் கல்யாணம்! கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே மாலை போட்டுக் கொண்டு ஒன்பது சுற்று சுற்றுவார்கள். கல்யாணம் ஆனதும் காய்ந்துபோன அந்த மாலையோடு ஜோடியாக வந்து கும்பிடுவார்கள். கல்யாணத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டாடுவது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. திருக்கடையூருக்குப் போய் அறுபதாம் கல்யாணம் செய்து கொள்ளாத குடும்பம் எத்தனை இருக்கிறது?

ஆனால் ஒன்று. அறுபதாம் கல்யாணம் என்பது புருஷன் வயதை வைத்து வருவது. அறுபது பெண்டாட்டிக்கு ஆனால் யாரும் பத்திரிகை அடிப்பதில்லை. இரண்டு பேருக்கும் சரிசமமாக வருவது கல்யாண நாள் ஒன்றுதான்.

அந்த நாள் பல வீடுகளில் எப்படிக் கழிகிறது? வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னாடி அடுப்பு எரிகிறது. வடை, பாயசம் கூடுதல் வேலை. புருஷன் ஆபீசுக்கு ஸ்வீட் பாக்ஸ் எடுத்துப் போய் வாழ்த்து வாங்கிக் கொள்கிறார். மனைவி பாத்திரம் தேய்க்கிறார். 25 வருஷம் மற்றவர்களுக்குக் காபி கலந்து கொடுத்தவர், ஒரு நாள் காலையில் வேறு ஒருவர் கொண்டு வந்து வைக்கிற காபியைக் கடலைப் பார்த்துக் கொண்டு குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதில் தப்பே இல்லை.

வாசலில் கூச்சம் எதற்கு?

"அங்கெல்லாம் நம்மளை உள்ள விடுவாங்களா?" என்று தயங்குகிற கடைக்காரர்கள் உண்டு. தயங்கத் தேவை இல்லை. அரண்மனைகள் ஓட்டல் ஆனதே ராஜாக்களுக்குப் பணம் தேவைப்பட்டதால்தான். ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957-ல் ஓட்டல் ஆயிற்று. உதய்ப்பூர் ஏரி அரண்மனை 1963-ல். 1971-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மன்னர் மானியத்தை ஒழித்த பிறகு இது இன்னும் வேகம் பிடித்தது. மைசூர் லலித மகால் 1974-ல் ஓட்டலாக மாறியது. வைசிராய் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை அது! இன்று வாடகை கொடுக்கிற யாருக்கும் வாசல்காரர் சலாம் வைக்கிறார். வேட்டி கட்டியவரைக் கிளப் போன்ற இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2014-லேயே சட்டம் வந்து விட்டது.

ஆக, வாசலில் பிரச்சினை கிடையாது. பிரச்சினை பில்லில்.

அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேலே போனால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 7,500 வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் வரி சேராத தொகை. உதாரணத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் அறைக்கு வரி மட்டும் 3,600. இரண்டு பேர் சாப்பாடு, அதற்கு வரி, கார் வாடகை, "வந்ததுதான் வந்தோம்" என்று ஒரு கேக், ஒரு போட்டோ. 30 ஆயிரத்தில் நிற்காது.

கையில் சேர்த்து வைத்த பணம் என்றால் பரவாயில்லை. கிரெடிட் கார்டைத் தேய்த்து விட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள். பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வரை வட்டி. 30 ஆயிரத்துக்கு மாதம் 1,050 ரூபாய். வருஷக் கணக்கில் 42 சதவீதம்! தெருமுனை வட்டிக்காரர் மூணு வட்டி என்றால் "கந்துவட்டிக்குத் தனிச் சட்டம் இருக்கு தெரியுமா?" என்று எகிறுகிற மனிதர், கார்டுக்கு மூணரை வட்டியைச் சத்தம் இல்லாமல் கட்டுகிறார். ஒரு ராத்திரி ராஜா, ஒரு வருஷம் கூஜா!

கடனில் மூழ்கிய அரண்மனையும் இருக்கிறது. ஐதராபாத்தில் மலை மேல் உள்ள பலக்னுமா அரண்மனையைக் கட்டியவர் விகார் உல் உம்ரா. பின்னாளில் நிஜாமுக்குப் பிரதமராக இருந்தவர். 1884-ல் ஆரம்பித்துக் கட்டி முடிக்க ஒன்பது வருஷம். 101 பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கட்டி முடித்தபோது கடன் கழுத்து வரை வந்து விட்டது. கடைசியில் நிஜாம் மகபூப் அலிகானைத்தான் தலையில் கட்ட வேண்டி வந்தது. அந்த யோசனையைக் கொடுத்தது அவர் மனைவி என்று சொல்வார்கள். 2010-ல் அதுவும் ஆடம்பர ஓட்டலாகத் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய பிரபுவுக்கே அந்த நிலைமை. மாதம் பிறந்தால் பள்ளிக்கூட பீஸ், வீட்டு வாடகை என்று எண்ணுகிற குமாஸ்தா எந்த நிஜாமைத் தேடுவார்?

ராத்திரி தங்கினால்தான் கல்யாண நாள் என்று யாரும் சட்டம் போடவில்லை. பகல் சாப்பாட்டுக்கு மட்டும் போய் வரலாம். செவ்வாய், புதன் வாடகையும் சனி, ஞாயிறு வாடகையும் ஒன்றாக இருக்காது. போன் செய்யும்போதே "வரியோட சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு விட வேண்டும். சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்ல உரிமை இருக்கிறது. கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவு போட்டது. டெல்லி ஐகோர்ட் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. தர மாட்டேன் என்று சொல்வதில் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பேச்சு முற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.

கோவளத்தில் மற்றவையும் இருக்கின்றன. 2021-ல் நீலக்கொடி வாங்கிய கடற்கரை. மீனவர் குப்பத்தில் பொரித்த மீன். தர்கா, மாதா கோவில், பக்கத்திலேயே பெருமாள் கோவில், வழியில் முட்டுக்காடு படகு. தாம்பரத்தில் பஸ் ஏறி இதையெல்லாம் பார்த்து விட்டு, சாயங்காலம் பெரிய ஓட்டலில் ஒரு காபி மட்டும் குடித்து விட்டுத் திரும்புகிற ஜோடிகளும் உண்டு.

எதற்கும் முதலில் மனைவியிடம் கேட்டு விடுவது நல்லது. "ஆச்சரியம் கொடுக்கிறேன்" என்று யாருக்கும் சொல்லாமல் அறை போட்டு விட்டு, பிறகு பில்லைப் பார்த்த மனைவியிடம் திட்டு வாங்கிய கணவன்மார் நிறைய. கேட்டுப் பார்த்தால் சில பேர் கோவளம் என்பார்கள். சில பேர் கம்மல் என்பார்கள். "ஒரு நாள் காலைல எட்டு மணி வரைக்கும் எழுப்பாம இருங்க, அது போதும்" என்பவரும் இருக்கிறார்.