வீட்டுத் தோட்டம்: கறிவேப்பிலைக்கு வந்த சோதனை

சென்ற இதழில் தொட்டி மண்ணைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சகோதரி ஒருவர் கடிதம் விடுத்திருக்கிறார். "ஊரிலிருந்து மாமியார் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த கறிவேப்பிலைச் செடி. நான்கு ஆண்டுகளாகப் பேணி வருகிறேன். இப்போது கொழுந்துகள் சுருண்டு, இலைமேல் பிசுபிசுப்பாக ஏதோ படிந்து, கறுத்து வருகிறது. கரப்பான் பூச்சிக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருக்கிறது, அதை அடிக்கலாமா?" என்பது அவருடைய வினா.

அடிக்கவே கூடாது, அம்மா. இதனை நூலறிவால் அன்று, பட்ட அனுபவத்தால் சொல்கிறேன். தில்லிக்கு வந்த புதிதில் எங்கள் மாடியில் அவரைக்கொடி வைத்திருந்தோம். மாசி மாதத்தில் அசுவினி மொய்த்தது. பொறுமையின்றி அத்தகைய மருந்தையே நான் அடித்துவிட்டேன். மறுநாள் மாலை, அதை அறியாத என் மனைவி பிஞ்சுகளைப் பறித்து நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அரைமணி நேரம் தாமதித்து வீடு திரும்பியிருந்தால், அது குழந்தையின் தட்டுக்குப் போயிருக்கும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கரப்பானுக்கென்று விற்கும் மருந்து, உண்ணும் செடிக்காகச் செய்யப்பட்டதன்று. அடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற கணக்கும் அதற்குக் கிடையாது.

இனிச் சகோதரியின் செடியைப் பார்ப்போம். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ, செதில் பூச்சியோ, மாவுப்பூச்சியோ ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அவை கழிக்கும் இனிப்பு நீரே அந்தப் பிசுபிசுப்பு. அதன்மேல் வளரும் பூசணமே கருமை. ஆகவே பூச்சி ஒழிந்தால் கருமையும் தானே நீங்கும்.

முதல் மருந்து தண்ணீர். காலையில் இலையின் அடிப்புறத்தில் படும்படி வேகமாகப் பீய்ச்சினால் அசுவினியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மிகவும் சுருண்ட கொழுந்துகளைக் கிள்ளி எறியுங்கள். இரண்டாவதாக எறும்பைத் தடுக்க வேண்டும். இனிப்பு நீருக்காக எறும்புகள் இப்பூச்சிகளைக் காவல் காக்கின்றன. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் தேங்கிய நீரில் டெங்குக் கொசு பெருகும். அதற்குப் பதிலாகத் தொட்டி நிற்கும் முக்காலியின் கால்களில் வாஸ்லைன் தடவுங்கள்.

மூன்றாவது வேப்பெண்ணெய். எண்ணெயும் நீரும் கலவா. எனவே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வேப்பெண்ணெயில் சிறிது காதி சோப்புக் கரைசலை விட்டுக் குழைத்து, பின்னர் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கலக்குங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் செடி முழுவதும் தெளிக்கலாம். மாலையில்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் வேம்பின் சத்து விரைவில் அழியும், இலையும் வெந்துபோகும். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்யுங்கள். அதுவரை அச்செடியில் இலை பறியாதிருப்பது நலம். பின்னர் நன்கு கழுவிப் பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. சிலர் புகையிலைக் கஷாயம் தெளிக்கச் சொல்வார்கள். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் கொடிய நஞ்சு. சமையல் செடிக்கு அது வேண்டவே வேண்டாம்.

நண்பரையும் பகைவரையும் பிரித்தறிவது அவசியம். பொறிவண்டின் குஞ்சு, சின்னஞ்சிறு முதலைபோல் கறுத்து இருக்கும், அறியாதவர் நசுக்கிவிடுவார்கள். அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுவே. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியது நினைவிருக்கலாம். மருந்தடித்துத் தீராத அத்தொல்லை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகளால் அடங்கியது. என் அவரைக்கொடியிலும் அன்று நான் கொன்றது அசுவினியை மட்டுமன்று, பொறிவண்டுகளும் மடிந்தன. இரண்டு வாரத்தில் அசுவினி திரும்பியது, பொறிவண்டு திரும்பவில்லை.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போலவோ, பச்சையாகவோ ஒரு புழு இருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். சிறு செடியாயின் கையால் எடுத்து அகற்றுங்கள். பெரிய செடியாயின் நாலு இலை தின்றுவிட்டுப் போகட்டும்; குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

சகோதரியின் மாமியார் அடுத்த முறை வரும்போது ரசத்துக்குத் தாளிக்க அந்தச் செடியிலிருந்தே ஒரு கொத்துக் கிடைக்கும் என்று நம்புகிறேன். செடி தேறியதும் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் கோடையில் நீர் வார்க்கும் முறையைக் காண்போம்.