சர்க்கரைக்குப் பதில் உண்டோ?

நீரிழிவு நோயுடைய பெரியோர் வாழும் வீடுகளிற் சர்க்கரைக் கிண்ணம் இருந்த இடத்தில் இன்று சிறு மாத்திரைப் புட்டி ஒன்று இருக்கக் காண்கின்றோம். அம்மாத்திரையைக் காப்பியிலிட்டு முதன்முறை பருகுவோர் முகஞ் சுளித்து, "இனிப்பு இருக்கிறது, சர்க்கரை இல்லை" என்று கூறுவதை நாம் கேட்டிருக்கின்றோம். இதனை முதுமையின் பிடிவாதம் என இளைஞர் நகைப்பதுண்டு. அது பிடிவாதமன்று, இரசாயன உண்மையே என்பதும், அவ்வுண்மையை வீட்டாருக்கு எடுத்துரைத்தல் கல்லூரியிற் பயில்வோர் கடமை என்பதும் நமது கருத்து.

இனிப்பு என்பது சர்க்கரையினுள் மட்டும் உறைவதன்று. நம் நாட்டு வேலிகளிற் படரும் சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலை உண்டது போலிருக்கும். சர்க்கரை மாறவில்லை, நாவே மாறிற்று. நாவின் சுவையரும்புகளில் இரண்டு புரதங்கள் இணைந்த ஏற்பி ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டில் அதனை அறிஞர் கண்டறிந்தனர். இனிப்புப் பொருளின் மூலக்கூறு அவ்வேற்பியிற் பொருந்தும்போதே இனிப்புத் தோன்றுகிறது. சிறுகுறிஞ்சானின் அமிலங்கள் அவ்வேற்பியைப் பற்றி அதன் வேலையைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே எப்பொருள் இனிக்கும், எவ்வாறு இனிக்கும் என்பதை அதன் மூலக்கூறின் வடிவமே தீர்மானிக்கின்றது.

சர்க்கரை அவ்வேற்பியை மெல்லத் தொட்டு விரைவில் நீங்குவது. ஆதலின் கரண்டியளவு வேண்டப்படுகிறது. சுவையும் உடனே தோன்றி உடனே மறைகிறது. பதிற்பொருள்களின் இயல்பு வேறு. அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ரெம்சன் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில், 1879ஆம் ஆண்டில் பால்பெர்க் என்பார் கண்ட சாக்கரின் சர்க்கரையினும் முந்நூறு மடங்குக்குக் குறையாது இனிப்பது. ஆயின் அது இனிப்பின் ஏற்பியோடு நில்லாமல் கசப்பை உணரும் ஏற்பிகள் சிலவற்றையும் தூண்டுகிறது. இனிப்பின் பின்னே வரும் கசப்புக்குக் காரணம் இதுவே. அக்கசப்பேற்பிகள் எல்லார்க்கும் ஒரு தன்மையன அல்ல, பிறவியிலேயே வேறுபடுவன. தந்தையின் நாவிற் கசப்பது மைந்தன் நாவிற் கசவாதிருக்கலாம். தன் நாவை அளவுகோலாகக் கொண்டு பிறர் நாவைப் பழித்தல் தகாது.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறியப்பட்ட அஸ்பார்ட்டேம், புரதத்தின் உறுப்புக்களாகிய அமினோ அமிலங்கள் இரண்டன் சேர்க்கையாற் பிறப்பது. ஏறத்தாழ இருநூறு மடங்கு இனிப்பது. அவ்விரண்டனுள் பினைலலனீன் என்பதை மட்டும் அதன் கண்ணாடிப் பிம்பம் போன்ற மறுவடிவாக மாற்றினால் இனிப்புப் போய்க் கசப்பு வந்துவிடும். அணுக்கள் அவையே, அமைப்பு மட்டும் வேறு. மேலும் இப்பொருள் நெடுநேரக் கொதிப்பிற் சிதைந்து இனிப்பிழக்கும். இதனை அறியாது பாயசத்தோடு கொதிக்க வைத்தவர் சமையலைப் பழிப்பதிற் பயனில்லை. பினைலலனீனைச் செரிக்க இயலாத பிறவிக் குறையுடைய குழந்தைகட்கு இது தீங்காதலின், புட்டியின் மேலுள்ள எச்சரிக்கையைப் படித்துச் சொல்லுதலும் கற்றவர் கடனே.

சுக்ரலோஸ் என்பதோ சர்க்கரையிலிருந்தே செய்யப்படுவது. அதன் மூலக்கூறில் மூன்று இடங்களில் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் இணைகளை நீக்கிக் குளோரினை வைத்தனர். 1976ஆம் ஆண்டில் லண்டனில் ஆராய்ந்த பட்னிஸ் என்னும் இந்திய மாணவர், "சோதித்துப் பார்" என்ற ஆங்கிலக் கட்டளையைச் "சுவைத்துப் பார்" எனக் கேட்டு நாவிலிட்டதால் அதன் இனிப்பு வெளிப்பட்டது என்பர். நம் ஆய்வுகூட மாணவர் அவரைப் பின்பற்றாதிருப்பாராக! இம்மூன்று மாற்றங்களால் இனிப்பு அறுநூறு மடங்காயிற்று. பராகுவே நாட்டுச் சீனித்துளசியின் இனிப்புப் பொருள்களிலும் இவ்வியல்பைக் காணலாம். ஸ்டீவியோசைடில் குளுகோஸ் அலகுகள் மூன்று. நான்கு கொண்ட ரெபாடியோசைடு-ஏ அதனினும் இனிப்பு மிகுந்தது, கசப்புக் குறைந்தது. ஆயினும் அதன் இனிப்பு, அதிமதுரத்தினது போல, மெல்லத் தோன்றி நெடுநேரம் நாவிலேயே தங்கும்.

இன்னுமொன்று காண்க. ஐந்து கிராம் சர்க்கரையின் இனிப்பை இருபத்தைந்து மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் தந்துவிடும். ஆனால் அந்த இருபத்தைந்து மில்லிகிராமைக் கொண்டு பாகு காய்ச்ச இயலுமோ? கம்பிப்பதம் வருமோ? பழக்கூழ் கெடாது நிற்குமோ? சர்க்கரை செய்யும் பல வேலைகளுள் ஒன்றை மட்டும் செய்வதனைப் 'பதில்' என்றழைத்தல் சாலாது. பெயர் பொய்யாயின் எதிர்பார்ப்பும் பொய்யாகும். ஏமாந்த நா மீண்டும் சர்க்கரைக் கிண்ணத்தை நாடும். நோயாளிக்கு அதனால் வரும் கேடு சிறிதன்று.

ஆயின் இப்பொருள்களை எறிந்துவிடுக என்று நாம் கூறவில்லை. சர்க்கரையை விலக்க வேண்டிய நீரிழிவு நோயாளிக்கு, மருத்துவர் சொற்படி அளவோடு கொள்ளும்போது, இவை உதவியே. ஆனால் உடற்பருமன் குறைக்கும் பொருட்டு இவற்றைக் கையாளுதல் வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுரை கூறிற்று. நீரிழிவுடையாரை அவ்வறிவுரையினின்றும் விலக்கியே கூறிற்று. நோயற்ற இளைஞர்க்கு நாம் சொல்வதும் அதுவே. ஒரு புட்டியை விட்டு வேறொரு புட்டியைத் தேடுதலினும், காப்பியில் இனிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து நாவைப் பழக்குதலே நன்று.

விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ நண்பர்காள்! உங்கள் பாட்டியார் கோப்பையை வைத்துவிட்டு முகஞ் சுளிப்பாராயின் நகையாதீர்கள். அருகிலமர்ந்து, அது சர்க்கரையன்று, சர்க்கரையைப் போல் இருக்கவும் மாட்டாது, அதற்கெனத் தனிச்சுவை உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒரு மாத்திரை கசந்தால் வேறொன்றை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். தேர்வுத்தாளில் எழுதிய இரசாயனம் அடுக்களைக்கும் வந்து பயன்படும் நாளே நாம் கற்ற கல்வி நிறைவுறும் நாளாகும்.