‘இயங்குமாம்’: எல்லையூர்களின் பழைய கேமராக்களும் விற்பனை மொழியும்

இணையத்தில் பழைய கேமரா வாங்குவோர் முதலில் விலை கொடுப்பது ஒரு கூற்றுக்கு. பெட்டி வீட்டு வாசலை அடையும்வரை அவர்கள் கையில் இருப்பவை நான்கைந்து படங்களும் இரண்டு வரி விவரணையும் மட்டுமே. அந்த இரண்டு வரி யாருடைய அறிவிலிருந்து பிறந்தது என்னும் கேள்வியை வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் எழுப்புவதில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பழைய ஸ்டுடியோக்களின் மீடியம் ஃபார்மட் கேமராக்களைப் பொறுத்தவரை இக்கேள்வி கேட்கப்படாமல் போவதால் வாங்குபவர், விற்பவர், ஊர் ஆகிய மூவருக்கும் இழப்பு நேர்கிறது.

மீடியம் ஃபார்மட் என்பது 120 என்னும் பிலிம் சுருளைப் பயன்படுத்தும் கேமரா வகை. கோடாக் நிறுவனம் 1901இல் அறிமுகப்படுத்திய அச்சுருள் இன்றும் அதே அளவில் தயாராகிறது. ஸ்டுடியோக்களில் பெருவழக்காக இருந்த சதுர வடிவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு சட்டகத்தை விட அதன் பரப்பு மூன்றரை மடங்குக்கும் அதிகம். நுட்பம் குன்றாமல் பெரிதாக்கலாம் என்பதாலும், நெகட்டிவின் மேலேயே பென்சிலால் திருத்தம் செய்ய இடம் உண்டு என்பதாலும், யாஷிகா மேட், மாமியா சி330, ரோலைஃப்ளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் தென்னிந்திய ஸ்டுடியோக்களின் உழைப்புக் கருவிகளாயின. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமை வழங்கியது. திருமணம், ஞானஸ்நானம், பள்ளிக் குழுப்படம், இறந்தவரைச் சுற்றி உறவினர் நிற்கும் படம், வளைகுடாவுக்குப் புறப்படுபவரின் கடவுச்சீட்டுப் படம் என ஒரு வட்டாரத்தின் வாழ்க்கை இக்கருவிகளின் வழியே பதிவாயிற்று.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக்கு இப்பதிவு கூடுதல் பொருளுடையது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் குரல் ஏற்கப்படாமல், அது கேரளத்திலேயே நின்றது. களியிக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்த பின்னும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நிற்கவில்லை. வீட்டுக்குள் தமிழும் வீதியில் மலையாளமுமாகப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. அலுவலகக் கோப்புகள் இம்மக்களை ஒரு மாநிலத்தின் கணக்கில் எழுதின. ஸ்டுடியோ நெகட்டிவ்களோ கோட்டின் இருபுறத்து உறவினரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தின.

இக்கருவிகள் இன்று விற்பனைக்கு வரும்போது அவற்றின் மேல் எழுதப்படும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். ‘மின்ட்’, ‘வொர்க்கிங் கண்டிஷன்’, ‘அன்டெஸ்டெட்’ என்னும் மூன்று சொற்களுக்குள் சந்தை முழுவதும் அடங்கிவிடுகிறது. நாணயச் சாலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த காசைக் குறித்த ‘மின்ட்’ என்னும் சொல், நாற்பதாண்டு உழைத்த கருவியின் மேல் கூச்சமின்றி ஒட்டப்படுகிறது. ‘வொர்க்கிங்’ என்பதில் சிக்கல் இன்னும் ஆழமானது. தந்தையின் கேமராவை விற்கும் மகன் பிலிம் ஏற்றி அதை ஒருமுறையும் இயக்கியிராமல் இருக்கலாம். அவனுடைய பேச்சுத் தமிழில் அந்நிலை தானாகவே வெளிப்படும்: ‘இயங்குமாம்’ என்பான். ‘ஆம்’ என்னும் அச்சிறு இடைச்சொல், சொல்பவன் நேரில் அறியாத செய்தி இது, பிறர் சொல்லக் கேட்டது என்பதைக் கேட்பவருக்கு அறிவித்துவிடுகிறது. மலையாளத்தில் ‘அத்ரே’ அதே பணியைச் செய்கிறது. ஆங்கில விவரணைக்குள் நுழைந்தவுடன் அந்த ஒட்டு உதிர்ந்து, கேள்விச் செய்தி கண்ட செய்தியாக உருமாறுகிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் அறியாததை அறிந்ததுபோல் காட்டும் வாக்கிய அமைப்பு அவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. பின்னர் ஷட்டர் திறவாமல் நின்றால் ஏமாற்றுக்காரர் என்னும் பெயரும் அவருக்கே வருகிறது.

இருமொழிச் சூழல் மற்றொரு மயக்கத்தையும் சேர்க்கிறது. மலையாளத்தில் ‘கேடு’ என்பது சாதாரணப் பழுது. எழுத்துத் தமிழுக்குப் பழகிய செவிக்கோ அது அழிவு. லென்ஸில் படரும் பூஞ்சணத்தை மலையாளம் ‘பூப்பல்’ என்கிறது; அச்சொல்லை அறியாத சென்னை வாசி அதைத் துடைத்தால் போகும் தூசியாகக் கருதக்கூடும். தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமழைகளைப் பெறும் இவ்வட்டாரத்தில், தோலுறைக்குள் ஆண்டுக்கணக்கில் மூடிவைத்த லென்ஸுக்கு முதன்மையான எதிரி இப்பூஞ்சணமே. தொடக்க நிலையில் அதை அகற்ற முடியும். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் தடம் நிலைத்துவிடும்.

ஆகவே வாங்குவோர் ‘நல்ல நிலையில் உள்ளதா’ என்று கேட்பதில் பயனில்லை. அக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. கண்ணால் கண்டு விடை சொல்லத்தக்க கேள்விகளே கேட்கத்தக்கவை. பின்கதவைத் திறந்து, லென்ஸின் துவாரத்தை முழுதாக விரித்து, ஷட்டரைத் திறந்து நிறுத்தி, கைப்பேசி விளக்கை ஊடே செலுத்தினால் சிலந்தி இழைபோல ஏதேனும் தெரிகிறதா? ஒரு வினாடி வேகத்தில் வைத்து அழுத்தினால் ஷட்டர் ஒரு வினாடியில் மூடுகிறதா, இரண்டு மூன்று வினாடி தயங்குகிறதா? பழைய மசகு கெட்டிப்பட்டால் முதலில் பிசகுபவை மெதுவான வேகங்களே. மாமியாவின் துருத்தியை இருட்டறையில் நீட்டி உள்ளிருந்து விளக்கடித்தால் மடிப்பின் மூலைகளில் ஒளிப்புள்ளி கசிகிறதா? யாஷிகா மேட் 124ஜியின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்கென அமைந்தது. அக்கலம் இன்று தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் கலத்தை இட்டு முள் அசைவதைக் காட்டுவது அளவு சரி என்பதற்குச் சான்றாகாது. இக்கேள்விகளுக்குரிய விடைகளை இருபது வினாடிக் காணொளிகளாகக் கேட்டுப் பெறுவது விற்பவரை ஐயுறுவதாகாது. அவர் அறிந்ததை மட்டும் சொல்ல அவருக்கு வழிசெய்து கொடுப்பதாகும்.

சில சான்றுகள் கருவியின் உடலிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. ஹாசல்பிளாட் கேமராவின் வரிசை எண்ணுக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகள் அது தயாரான ஆண்டைச் சொல்லும். ‘விஎச் பிக்சர்ஸ்’ என்னும் தொடரின் பத்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரையும் இறுதியில் 0வும் ஆகும். ‘யு’ ஏழு, ‘வி’ ஒன்று. ஆகவே ‘யுவி’ எனத் தொடங்கும் உடல் 1971ஐச் சேர்ந்தது. எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில் வானியல் கணக்குகளைப் பாடி வைத்த கேரள மண்ணுக்கு இது புதிய வித்தையன்று. ‘அறுபதுகளின் அரிய மாடல்’ என்று விவரணை சொல்ல, உடலின் எழுத்துகள் எண்பதுகளைக் காட்டினால், எதை நம்புவது என்பதில் ஐயமில்லை.

ஜப்பானிய விற்பனையாளரிடம் வாங்கினால் இத்தொல்லை இல்லையே என்பர் சிலர். அவர்களுடைய பட்டியல்களிலும் ‘நியர் மின்ட்’ என்னும் தலைப்பின் கீழ், நான்கு வரி தள்ளி, லேசான மூட்டம் உண்டு என்னும் குறிப்பு அடிக்கடி தென்படும். சுங்கவரி தனி. பழுது தெரியவந்தால் திருப்பி அனுப்பும் செலவு கருவியின் விலையோடு போட்டியிடும். வண்ண 120 சுருள் ஒன்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில், சோதனைக்கென வீணாகும் ஒவ்வொரு சுருளும் அந்த விலையோடு சேர்ந்ததே. மாறாக, பாறசாலையில் ஒரு கேமரா விற்பனைக்கு வருமானால், அதை முப்பதாண்டு இயக்கியவர் பல வேளைகளில் அதே வீட்டின் திண்ணையில் இருப்பார். எந்த வேகம் தயங்கும், எந்தப் பக்கம் ஒளி கசியும், கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். உலகின் எந்தத் தரக்குறியீடும் அச்சாட்சியத்துக்கு ஈடாகாது. மகனிடம் விலை பேசுவோர் தந்தையிடம் ஐந்து நிமிடம் பேசினால், ‘இயங்குமாம்’ என்பது ‘இயங்கும்’ என்றோ ‘இயங்காது’ என்றோ தெளிந்துவிடும். அத்தெளிவுக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்டாலும் அது நியாயமே.

இணையச் சந்தையே கேடு என்பது இதன் பொருளன்று. காயலான் கடையில் எடைக்குப் போயிருக்கக்கூடிய கருவிகளுக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தது அச்சந்தைதான். அலமாரியில் பூத்துக் கெடுவதைவிட ஓர் இளைஞரின் தோளில் தொங்குவது கேமராவுக்கு நல்ல கதி. ஆனால் கேமராவுக்கு விலை கிடைத்த அன்றே அலமாரி காலியாக்கப்படுகிறது. அதன் அடித்தட்டில் இருந்த நெகட்டிவ் பெட்டிகளுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் பிலிம் காடியின் நெடி வீசிச் சுருங்கும்; அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்கு எடுப்போரும் உண்டு.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவுடன் எண்மப்படுத்தியுள்ளனர். எல்லைக்கு அப்பால் தமிழ் பேசிய குடும்பங்களின் படங்களுக்கும் அத்தகைய கவனம் உரியது. இதில் வாங்குவோரின் பங்கு சிறியது, ஆனால் காலத்தே செய்யவேண்டியது. நெகட்டிவ்களை அவர்கள் எடுத்துச் செல்லலாகாது. அவற்றில் உள்ளோர் பலர் இன்றும் உயிரோடிருப்பவர்கள், அப்படங்கள் விலைப்பொருளல்ல. ‘நெகட்டிவ்கள் இருக்கின்றனவா, அவற்றை உலர்ந்த இடத்தில் வைக்க முடியுமா, படத்தில் இருப்பவர் யார் யார் என்று ஐயா சொல்லச் சொல்ல எழுதிவைக்க ஆளுண்டா’ என்று கேட்டாலே போதும். குப்பைக்குச் செல்லவிருந்த பெட்டி அக்கேள்வியால் பொருளுடையதாகிவிடும்.

கேமரா இன்னொரு கையில் இன்னும் ஐம்பதாண்டு இயங்கலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர் மறைந்த பின் நெகட்டிவில் இருப்பவர்கள் யாரோ ஆகிவிடுவர். ‘இவள் விளவங்கோட்டுக்குக் கட்டிக் கொடுத்த என் அத்தை’ என்று கண்டறிந்து சொல்ல இன்று ஆளிருக்கிறது. நாளை, ‘அத்தையாம்’ என்று கேள்வியாகச் சொல்லவும் எவரும் இருக்கமாட்டார்.