கல்லைக் காக்கும் சுண்ணாம்பு



இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியில், தேன்நிறச் சுண்ணக்கற்களால் கட்டப்பட்ட பழைய பண்ணை வீடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அவற்றின் உறுதி கல்லில் மட்டுமே இருக்கிறதென்று எண்ணாதிருங்கள். கற்களுக்கு இடையே இட்ட சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. சுவர் உறிஞ்சிய மழைநீர் பெரும்பாலும் அந்தச் சாந்தின் வழியாகவே ஆவியாகி வெளியேறுகிறது. காலப்போக்கில் சாந்து தேய்கிறது, கல் தப்புகிறது. தேய்ந்த சாந்தை மறுபடியும் இட்டுக்கொள்ளலாம்.

பின்வந்தோர் கூடுதல் உறுதியை நாடி, அந்த இணைப்புகளில் சிமென்ட்டை அடைத்தார்கள். ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்கியது. குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்தபோது, கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாய் உதிர்ந்தது. காக்க வந்த கடினமே கேடாயிற்று.

1871இல் கெல்ம்ஸ்காட் கிராமத்துப் பழைய கல்வீட்டை வாடகைக்கு எடுத்த வில்லியம் மோரிஸ், 1877இல் நண்பர்களுடன் சேர்ந்து பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பெரும் புதுப்பித்தலைவிட அன்றாடப் பராமரிப்பே மேல் என்பது அவர்கள் கொள்கை. என் துணிபும் அதுவே. சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும். மறுபடியும் பூசும் உழைப்புக்கு அஞ்சி, தலைமுறைகளைத் தாங்கிய கல்லை இழந்துவிடாதிருப்போமாக.