தானம் என்னும் திரை

திருப்பூருக்குக் கிழக்கே 50 கிலோமீட்டரில் ஈரோடு; அங்கே காவிரியைக் கடந்தால் பள்ளிபாளையம். பனியனும் துண்டும் நெய்து உலகுக்கு அனுப்பும் இந்நிலத்தில் மனித உடலும் விலைபோகிறது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி ஆதார் அட்டையில் கூட்டிக்காட்டி, அவளுடைய கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை 2022 ஜூனில் ஈரோட்டில் அம்பலமாயிற்று. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய செய்தி வந்தது.

சட்டம் இல்லாமலா இவை நடந்தன? 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைத் தடுக்கிறது. ஆனால் உறவினரல்லாதார், பெறுபவர்மீது கொண்ட பாசத்தினால் உறுப்பு தரலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அங்கீகாரக் குழு ஒப்பினால் போதும். கந்துவட்டியில் மூழ்கிய தறித் தொழிலாளிக்கு, முன்பின் அறியாத ஒருவர்மீது திடீரெனப் பாசம் சுரக்கிறதாம்! குழு காகிதத்தைப் பார்க்கிறது. காகிதம் சரியாகவே இருக்கிறது.

கருமுட்டைக்கான சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தருபவள் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான், ஏழு முட்டைகளுக்குமேல் எடுக்கலாகாது. விற்றால் முதல் குற்றத்துக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம், சிறை மறுமுறைக்குத்தான். முட்டைகளை எண்ணத் தெரிந்த சட்டத்துக்கு அவள் கடனை எண்ணத் தெரியவில்லை.

வயதுவந்தவள் விரும்பித் தருகிறாள், பெறும் தொகை அவள் குடும்பத்துக்கு உதவுமே என்பார் உண்டு. வாரவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது பிறக்கும் விருப்பம் எத்தகையது? நாள்தோறும் ஊக்கிமருந்து ஊசி, மயக்கம், சினைப்பை வீங்கும் ஆபத்து இவை அனைத்தும் அவளுக்கே. தரகனுக்கு ஊசி இல்லை.

ஊசி போடுமுன்னரே தேசியப் பதிவேட்டில் அவளுடைய கைரேகையைச் சரிபார்க்கட்டும். தரகனோ கணவனோ இல்லாத அறையில் அவளிடம் பேசி, கடன் விவரத்தையும் கேட்கட்டும். தவறினால் மருத்துவமனையின் உரிமமே போகட்டும்.

உறுப்பு வணிகம் அறநெறிக்கு ஏலாதது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 ஆகஸ்டில் உரோமையில் மருத்துவர்களிடமே கூறினார். பிறரின் கருமுட்டையை நாடலாகாது என்ற 1987ஆம் ஆண்டின் வத்திக்கான் போதனையைக் குழந்தையில்லாத தம்பதியருக்கு நாம் தவறாமல் எடுத்துரைக்கிறோம். விற்க நேர்ந்தவள் நம் பீடங்களிலிருந்து என்ன கேட்டாள்? அவளுக்கு வட்டியில்லாமல் சில ஆயிரம் ரூபாய் தரக்கூடிய நிதி நம் பங்குகளில் எத்தனையில் இருக்கிறது?