இங்கே தூறல், அங்கே பனி

பிப்ரவரியில் டெல்லி மயூர் விஹாரில் தூறல் விழுந்தால் முதலில் பால்கனிக் கொடியில் காயும் துணிகளை எடுப்பேன். அடுத்து கோவையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடுவேன். அவள் மகன் குளிர்காலம் வந்தால் எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கி, ஆனந்த் விஹாரில் பஸ் பிடித்து உத்தராகண்ட் மலைக்குக் கிளம்பிவிடுவான். இங்கே தூறிவிட்டுப் போகும் அதே மேகம் அங்கே உயரத்தில் வெண்பனியாகக் கொட்டும்.

அந்தப் பனி எதன் மேல் விழுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. டிசம்பரில் மெல்லியதாகப் படிந்த பனி, தரையின் வெதுவெதுப்புக்கும் இரவின் கடுங்குளிருக்கும் நடுவே கிடந்து, சர்க்கரைபோல் பொலபொலவென்று உதிரியாகிவிடும். அதன் மேல் காற்றோடு வந்து விழும் புதுப்பனி பலகையாக இறுகும். சரிவு 30 முதல் 45 பாகை வரை இருந்தால், அந்தப் பலகை உடைய ஓர் ஆளின் கால் எடை போதும்.

2025 பிப்ரவரி 28 காலை, பத்ரிநாத்தை அடுத்த மாணாவில் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். எட்டுப் பேர் பிழைக்கவில்லை. முந்தின நாள் மாலையே சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் பனிச்சரிவு ஆய்வகம் சமோலி மாவட்டத்துக்கு எச்சரிக்கை விட்டிருந்தது. அதைக் கையில் வாங்கி, "இன்றைக்கே கீழே இறங்குங்கள்" என்று சொல்ல வேண்டியவர் யார் என்பதைச் சட்டமே பெயரிட்டுச் சொல்ல வேண்டும். இது வடக்கத்தியர் கவலை என்று நாம் ஒதுங்க முடியாது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் புதைந்த வீரர்கள் பத்துப் பேரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நைத்வார் வனத்துறைச் சாவடியைத் தாண்டித்தான் போகிறார்கள். அன்றைய பனிச்சரிவு அபாய வண்ணத்தை அந்த வாசலிலேயே எழுதி வைக்கட்டும். ஆரஞ்சு என்றால் யாரையும் மேலே விடக் கூடாது. கட்டிய பணத்தை அழைத்துப்போகிறவர்கள் திருப்பித் தர வேண்டும். கட்டிய பணம் போய்விடுமே என்றுதான் பலர் துணிந்து ஏறுகிறார்கள்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஹெலிகாப்டர் வரும்வரை உயிர் காத்திருக்காது. ஆளுக்கொரு சிக்னல் கருவி, பனிக்குள் குத்தித் துழாவ நீளக் கம்பி, மண்வாரி ஆகியவை கூட நடப்பவர்களிடமே இருக்க வேண்டும்.

சென்ற முறை அக்கா மகன் கிளம்பும் நாளில் இங்கே விடாத மழை. அழைத்துப்போகிறவருக்கு நானே போன் போட்டு, மண்வாரி எத்தனை எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டேன். கூடாரம் நன்றாக இருக்கும், மாலையில் சூடாகச் சூப் உண்டு என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சூப்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து பையைப் பிரித்து, கம்பளி உடுப்புகளைக் கட்டிலில் எடுத்து வைத்தான். முன்பணம் இன்றுவரை திரும்பவில்லை.